மறதி நோயுள்ள உறவினருக்குப் பராமரிப்பு இல்லம்: தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், மூப்பினால் வரும் இயல்பான மறதி அன்று. நினைவாற்றல், மொழி, காலமும் இடமும் பற்றிய உணர்வு, முடிவெடுக்கும் திறன், நடத்தை ஆகியவற்றைப் படிப்படியாகப் பாதிக்கும் மூளை நோய்களின் பொதுப்பெயர் அது. அல்சைமர் நோயும், மூளையின் இரத்த நாளங்கள் பாதிக்கப்படுவதால் உண்டாகும் மறதி நோயும் மிகுதியாகக் காணப்படும் வகைகள். இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோரை வீட்டிலுள்ள மனைவியோ மகளோ மருமகளோதான் கவனித்து வருகின்றனர்.

நோய் முற்றும்போது, ஒருவரால் மட்டும் இரவும் பகலும் கவனித்துக்கொள்ள இயலாத நிலை பல குடும்பங்களில் உண்டாகிறது. அப்போது பராமரிப்பு இல்லத்தைப் பற்றிய எண்ணம் எழுகிறது. திருவண்ணாமலை போன்ற திருத்தலங்களில் முதியோர் இல்லங்களும் ஆசிரமங்களும் அன்னதானக் கூடங்களும் உள்ளன. ‘கடைசிக் காலத்தில் அண்ணாமலையார் நிழலில் இருக்கட்டும்’ என்று வெளியூர்க் குடும்பங்களும் இங்கே இடம் தேடுகின்றன. அந்த எண்ணம் நல்லதே. எனினும், திடமான உடல்நலமும் தெளிந்த நினைவும் உள்ள முதியவருக்குப் பொருந்தும் இல்லம் மறதி நோயுள்ளவருக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது. எவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் மருத்துவப் பரிசோதனை

இல்லம் தேடுவதற்கு முன், நோய் உறுதிசெய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டபின் மூளை உறையின் அடியில் மெதுவாகத் தேங்கும் இரத்தம், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று குழப்பமும் பிதற்றலும் தோன்றினால், அது சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீரிழப்பு, சர்க்கரை அளவு மாற்றம் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடமும் ஆலோசனை பெறலாம். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை, முதியோருக்கெனத் தனியாக அமைந்த அரசு மருத்துவமனையாகும்.

வீட்டுப் பராமரிப்புக்கு உதவி கிடைத்தால் இல்லத்தில் சேர்ப்பதைத் தள்ளிப்போட முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், நோய்த் தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பதிவு செய்யலாம்.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதாகுமா?

இது பராமரிப்பாளர் பலரை உறுத்தும் கேள்வி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பிரிவு 24, முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் முதியவரை ஓரிடத்தில் விட்டுச் செல்வதையே குற்றமாகக் கருதுகிறது. அதற்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிய இல்லத்தில் சேர்த்து, செலவை ஏற்று, தொடர்ந்து சென்று பார்த்து, சிகிச்சை பற்றிய முடிவுகளில் பங்கேற்பது கைவிடுதல் ஆகாது. பராமரிப்பவர் உறக்கமின்றி நோயுற்றால் இருவருமே பாதிக்கப்படுவர்.

பதிவுச் சான்றைப் பார்ப்பது ஏன் முதற்பணி?

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநலப் பாதிப்புள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள், மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சிந்தனை, நினைவு, இடம் காலம் பற்றிய உணர்வு ஆகியவற்றில் ஏற்பட்டு, ஒருவரின் தீர்மானிக்கும் திறனையோ அன்றாட வாழ்வையோ பெரிதும் குலைக்கும் கோளாற்றையும் இச்சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே, மறதி நோய் முற்றியவர்களை ஏற்கும் இல்லத்திடம் ‘எந்தச் சட்டத்தின்கீழ், எந்த ஆண்டு வரை பதிவு பெற்றுள்ளீர்கள்?’ என்று கேளுங்கள். அறக்கட்டளைப் பதிவுச் சான்றோ வருமான வரி விலக்குச் சான்றோ இதற்கு ஈடாகாது. அவை பணம் பெறுவதற்கான ஆவணங்களே அன்றி, பராமரிப்புத் தரத்துக்கான ஆவணங்கள் அல்ல.

அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் நடந்ததை இங்கே நினைவுகூர்வது தகும். 2023 பிப்ரவரியில், குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடினர். அதைத் தொடர்ந்து அதிகாரிகள் நடத்திய ஆய்வில், உரிய அனுமதியின்றி அது இயங்கியது தெரியவந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். தம் பெயரையும் ஊரையும் சொல்ல இயலாதவர், எங்கே மாற்றப்பட்டாலும் தாமாகத் திரும்பி வர முடியாது. உள்ளிருப்போர் பதிவேட்டைப் பேணுவதற்கு அரசுக்குக் கடமைப்பட்டுள்ளதா என்பதுதான் பதிவு பெற்ற இல்லத்துக்கும் பதிவு பெறாத இல்லத்துக்கும் உள்ள வேறுபாடு. பதிவு உண்மையா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்யலாம்.

நேரில் பார்க்கும்போது

ஒரே இல்லத்தை இருமுறையாவது சென்று பாருங்கள். ஒருமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லலாம். மறுமுறை, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் சொல்லாமல் செல்லுங்கள். மறதி நோயுள்ளவர்களில் பலருக்கு மாலை மங்கும் வேளையில்தான் பதற்றமும் குழப்பமும் கூடுகின்றன. அந்நேரத்தில் பணியாளர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே உண்மை நிலையைக் காட்டும். வரவேற்பறையைத் தாண்டி உள்ளே செல்ல அனுமதி மறுக்கும் இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• அறைகளில் தொடர்ந்து சிறுநீர் நாற்றம் வீசுகிறதா? ஒருமுறை வீசுவது இயல்பு. எல்லா அறையிலும் வீசினால் ஆடை மாற்றுவதற்குப் போதிய ஆள் இல்லை என்று பொருள்.
• உள்ளிருப்போர் பகலில் படுக்கையிலேயே உறங்கிக் கிடக்கின்றனரா? பத்துப் பேரில் எட்டுப் பேர் பகலில் உறங்கினால், மயக்கம் தரும் மருந்துகள் மிகுதியாகக் கொடுக்கப்படுகின்றனவா என்று கேட்க வேண்டும்.
• கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் உள்ளனவா? இரவில் அங்கே விளக்கு எரிகிறதா?
• அவரவர் ஆடை, மூக்குக் கண்ணாடி, பல் செட், காது கேட்கும் கருவி ஆகியவற்றை அவரவரே பயன்படுத்துகின்றனரா? ஒருவர் கண்ணாடி மற்றொருவர் முகத்தில் இருந்தால் அங்கே தனிக்கவனம் இல்லை.
• பெண்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் பணியாளர் இருக்கின்றனரா?
• பணியாளர் முதியவர்களைப் பெயர் சொல்லியோ ‘ஐயா’, ‘அம்மா’ என்றோ அழைக்கின்றனரா? ஒருமையில் அதட்டுகின்றனரா?

யாரிடம் என்ன கேட்பது?

மேலாளரிடம் கட்டணத்தைக் கேளுங்கள். பராமரிப்பைப் பற்றி, அன்றாடம் குளிப்பாட்டி உணவூட்டும் பணியாளரிடம் கேளுங்கள். ‘என் தாயார் நள்ளிரவில் எழுந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டார்களா என்று கேட்பார். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றிச் சொல்லச் சொல்வோம், தண்ணீர் கொடுத்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வோம்’ என்பது பயிற்சி பெற்றவர் சொல்லும் விடை. ‘அதெல்லாம் மாத்திரை போட்டால் தூங்கிவிடுவார்’ என்பது எச்சரிக்கை மணி.

மேலும் கேட்க வேண்டியவை:

• இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் விழித்திருக்கின்றனர்?
• செவிலியர் எந்நேரமும் இருக்கின்றாரா, அழைத்தால் வருபவரா?
• மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? அவர் எழுதும் குறிப்பைக் குடும்பத்தார் பார்க்கலாமா?
• விழுங்க இயலாதவருக்கு எவ்வாறு உணவளிக்கின்றனர்? படுக்கவைத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நிமோனியா வரக்கூடும். உட்காரவைத்து, சிறு கவளமாக, அவசரமின்றி ஊட்ட வேண்டும்.
• படுக்கையிலேயே இருப்பவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கின்றனர்? பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது செய்தால்தான் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம்.
• கோடையில் தண்ணீர் குடிக்கவைப்பதை யார் கண்காணிக்கிறார்? மறதி நோயுள்ளவர் தாகம் எடுத்தாலும் கேட்கமாட்டார். நம் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் நீரிழப்பு விரைவில் ஏற்படும்.

கட்டிப்போடுதலும் மயக்க மருந்தும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலப் பாதிப்புள்ளவர்களைத் தங்கவைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். இன்றைய சட்டம், யாரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்துள்ளது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 97இன்படி, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் உடற்கட்டுப்பாடு செய்யலாம். தண்டனையாகவோ, பணியாளர் குறைவு என்ற காரணத்தாலோ கட்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டில் கால்களிலோ மணிக்கட்டுகளிலோ துணிப்பட்டை, தழும்பு ஆகியவற்றைக் கண்டால் காரணம் கேளுங்கள். வெளியேற முடியாமல் பூட்டப்பட்ட அறைக்குத் தீ விபத்தின்போது யார் சாவி கொண்டு வருவார் என்பதையும் கேளுங்கள்.

மருந்தும் ஒரு கட்டாக மாறக்கூடும். பதற்றத்தை அடக்கக் கொடுக்கப்படும் மனநோய் எதிர்ப்பு மருந்துகள், மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. பக்கவாதம், கீழே விழுதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. சில நேரங்களில் இம்மருந்துகள் தேவைப்படும். ஆயினும் வலி, மலச்சிக்கல், பசி, தொற்று ஆகியவை காரணமா என்று பார்த்த பின்னரே, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுக்க வேண்டும். புதிய மருந்து தொடங்குமுன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது

மறதி நோயுள்ளவர் வீட்டை விட்டோ இல்லத்தை விட்டோ நடந்து சென்றுவிடுவது எங்கும் நிகழ்வதே. மற்ற ஊர்களில், விடியற்காலை 3 மணிக்கு வெறுங்காலுடன் தனியே நடக்கும் முதியவரைக் கண்டால் யாரேனும் ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்பர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அப்படிக் கேட்பார் இல்லை. எந்நேரமும் வெறுங்காலுடன் நடப்போர் அங்கே உண்டு. வேட்டி அழுக்காக இருந்தால் சாது என்று எண்ணி வணங்கிவிட்டுச் செல்வர். பசித்தால் அன்னதானம் கிடைக்கும், சாலையோர மண்டபத்தில் படுக்கவும் இடம் கிடைக்கும். அவர் காணாமற்போனவர் என்பது நாட்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகலாம். அதற்குள் அவருடைய இரத்த அழுத்த மருந்தும் இன்சுலினும் தவறிவிடும்.

ஆகவே, இல்லம் கிரிவலப் பாதைக்கு அருகில் இருந்தால் இவற்றை உறுதிசெய்யுங்கள்:

• வாயிலில் எந்நேரமும் ஆள் உண்டா? முதியவர் பாதுகாப்பாக உலாவ மதிலுக்குள் இடம் உண்டா? உலாவ இடமிருந்தால் வெளியேறும் துடிப்பு குறையும்.
• பெயர், தொலைபேசி எண் பொறித்த வளையமோ பதக்கமோ அணிவிக்கப்படுகிறதா? ஆடையின் உட்புறத்திலும் எண்ணைத் தைத்து வையுங்கள். பதக்கம் கழன்றாலும் ஆடை இருக்கும்.
• அண்மையில் எடுத்த நிழற்படம் இல்லத்தின் கோப்பில் உள்ளதா?
• பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத் திருவிழாவிலும் கூடுதல் ஆட்களை நிறுத்துகின்றனரா? அந்நாட்களில் பல லட்சம் பேர் கூடுவர், சாலைகளில் போக்குவரத்து மாற்றப்படும். அவசர நேரத்தில் எந்த வழியாக மருத்துவமனைக்குச் செல்வர் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.
• ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, கூட்டத்தின் இரைச்சல் ஆகியவை பதற்றத்தைத் தூண்டும். சாலையை நோக்கிய அறையைவிட உட்புற அறை நல்லது.

ஒருவர் காணாமற்போனால், உடனே 112 எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

கட்டணமும் கையெழுத்தும்

மாதக் கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும், டயப்பர், மருந்து, ஆம்புலன்ஸ், தனி உதவியாளர் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா, வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும், நோய் முற்றினால் வெளியேற்றுவரா, இறந்தால் நடைமுறை என்ன ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் இரசீது கேளுங்கள். இலவச இல்லமானாலும் சேர்க்கை ஆவணம் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘வேறு கிளைக்கு மாற்றுவதானால் குடும்பத்தாரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை’ என்ற வரி அதில் கட்டாயம் இடம்பெறட்டும்.

சொத்து, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு தொடர்பான எந்தத் தாளிலும் நோயாளியின் கைரேகையை இல்லத்தார் பெறக்கூடாது. பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கிப் பின் பராமரிக்காவிடில், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23இன்படி அம்மாற்றத்தை இரத்துசெய்யக் கோரலாம். பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமை வகிக்கிறார். நம் மாவட்டத்தில் திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு ஆகிய கோட்டங்கள் உள்ளன.

நோய் தொடக்க நிலையில் இருந்தால், நோயாளியின் விருப்பத்தை அவரிடமே கேளுங்கள். தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச நியமனப் பிரதிநிதியைக் குறிப்பிடவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளிக்கிறது. எந்த இல்லம் என்ற கேள்வியிலும் அவருடைய சொல்லுக்கு இடம் கொடுங்கள். உண்பது சைவமா அசைவமா, விபூதி பூசுவாரா, தொழுகை செய்வாரா, எந்தப் பாட்டு பிடிக்கும், எப்பக்கம் சாய்ந்து உறங்குவார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இல்லத்தாரிடம் கொடுங்கள். பின்னாளில் அவரால் சொல்ல இயலாதபோது அத்தாள் அவருக்காகப் பேசும்.

சேர்த்த பின்னர்

முடிந்தால் முதலில் இரண்டு வாரங்களுக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். புதிய இடத்தில் தொடக்கத்தில் குழப்பம் கூடுவது இயல்பு. பழைய போர்வை, குடும்பப் படம், வழக்கமான டம்ளர் ஆகியவை பழக்கத்தை எளிதாக்கும். வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்போர், உள்ளூர் உறவினர் ஒருவரை நேரில் செல்லுமாறு பணித்து, காணொளி அழைப்பையும் வைத்துக்கொள்ளலாம். காணொளியில் முகம் மட்டுமே தெரியும், முதுகும் குதிகாலும் தெரியா. நேரில் செல்பவர் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பின்வருவனவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே விளக்கம் கேளுங்கள்: ஒரே மாதத்தில் கண்கூடாக எடை குறைதல், காரணம் கூறப்படாத காயமோ கன்றலோ, படுக்கைப் புண், எந்நேரமும் மயக்கம், குறிப்பிட்ட பணியாளரைக் கண்டதும் நடுக்கம், உங்கள் வருகைக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தல். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ மனு அளியுங்கள். முறையீடு செய்தால் உறவினருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சினால், முதலில் அவரை அங்கிருந்து அழைத்து வந்துவிட்டு மனு கொடுங்கள்.

உதவி எண்கள்

• முதியோர் உதவி எண்: 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை
• மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416, எந்நேரமும்
• மருத்துவத் தகவலும் ஆலோசனையும்: 104
• ஆம்புலன்ஸ்: 108

டெலி மானஸ் எண் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. சோர்வும் குற்ற உணர்வும் உறக்கமின்மையும் உள்ள பராமரிப்பாளரும் அதில் பேசலாம். இப்பக்கத்திலுள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உறவினரின் நிலைக்கு ஏற்ற முடிவைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடன் கலந்து எடுங்கள்.